பிரஸ் நோட்டுக்கு அப்புறம் என்ன கேட்பது?

கேள்வி: இதழியல் முதுகலை முதலாண்டு முடித்திருக்கிறேன். விடுமுறையில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பயிற்சிக்குப் போனேன். வாட்ஸ்அப் குழுவில் வரும் போலீஸ் பிரஸ் நோட்டையும் கலெக்டர் அலுவலகச் செய்திக்குறிப்பையும் சுருக்கி எழுதியதுதான் பெரும்பாலும் என் வேலை. அதை ஏ.ஐ. அரை நிமிடத்தில் செய்துவிடுகிறது. முக்கியமானதை முதலில் வைத்து எழுதும் ‘தலைகீழ்ப் பிரமிடு’ முறையை வகுப்பில் படித்தேன். ஆனால் ஒரு இன்ஸ்பெக்டருக்கு முன்னால் போய் நின்றால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. பரவுகிற வீடியோக்களில் எதை நம்புவது என்றும் புரியவில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு எங்கள் ஊர்க் குடிநீரைப் பற்றி எழுத நினைக்கிறேன். “பழைய விஷயம்” என்கிறார் வழிகாட்டி. என்ன செய்யலாம்?
- ஒரு மாணவி, விருதுநகர் மாவட்டம்

பதில்: பிரஸ் நோட்டைச் சுருக்கும் வேலையை ஏ.ஐ. எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். அது செய்தியாளர் வேலையே இல்லை, தட்டச்சு வேலை. நோட்டில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து “இது யாருக்கு, எப்படித் தெரியும்? இதற்குக் காகிதம் எங்கே இருக்கிறது?” என்று கேட்பதில்தான் நம் வேலை தொடங்குகிறது. இந்த இரண்டு கேள்விகளும் பழகிவிட்டால் இன்ஸ்பெக்டர் முன்னால் தடுமாற மாட்டீர்கள்.

வாரத்துக்கு நான்கு தடவையாவது வரும் ஒரு நோட்டை எடுத்துக்கொள்வோம். “ரோந்துப் பணியின்போது சந்தேகத்துக்கிடமாக நின்ற இருவரைப் பிடித்து விசாரித்ததில் முன்னுக்குப் பின் முரணாகப் பதிலளித்தனர். அவர்களிடமிருந்து 21 கிலோ கஞ்சா பறிமுதல் செய்யப்பட்டது.” இதை அப்படியே எழுதினால் நான்கு வரி. கேட்டு எழுதினால் அந்த 21 கிலோதான் செய்தி. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு; தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. தண்டனை 10 முதல் 20 ஆண்டு, ஜாமீனும் மிகக் கடினம். இரண்டுக்கும் இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. ஆக, எடை 20 கிலோவைச் சற்றே தாண்டியிருந்தால் எங்கே, எந்தத் தராசில், யார் முன்னிலையில் எடை போட்டார்கள் என்று கேட்க வேண்டும். சாக்குப் பையோடா, பை இல்லாமலா? சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூக்கும் நுனிகளை. விதையும் இலையும் தனியாக இருந்தால் அவை கணக்கில் வராது. எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டிருந்தால் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் முதலில் பிடிப்பது இதைத்தான். அதற்கு முன்பே நீங்கள் கேட்டிருக்கலாம்.

அடுத்து எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், சட்டப்பிரிவு, கைது செய்த நேரம். இந்த நான்கும் இல்லாமல் போனை வைக்காதீர்கள். எண் கிடைத்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் கொடுத்து எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டிருக்கிறது. இணைப்பு வசதி இல்லாத இடங்களுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. எஃப்.ஐ.ஆர். கையில் வந்ததும் சம்பவ நேரம், தகவல் கிடைத்த நேரம், நோட்டில் சொன்ன நேரம் மூன்றையும் ஒப்பிடுங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு. “நேற்று முன்தினம் இரவே வீட்டிலிருந்து அழைத்துப் போய்விட்டார்கள்” என்று குடும்பத்தினர் சொல்லி, நோட்டில் “இன்று காலை பிடிபட்டனர்” என்று இருந்தால், அந்த இடைவெளியை எழுத வேண்டும். இரண்டு தரப்பு சொல்வதையும் எழுதுங்கள்; யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். எந்த நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தினார்கள் என்று தெரிந்தால், இ-கோர்ட்ஸ் தளத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்தே வழக்கின் நிலையைத் தேடலாம். வழக்கு ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்று பார்க்கவும் அதே வழிதான். கைதை எழுதிய பத்திரிகை விடுதலையை எழுதாமல் போவது நம் தொழிலின் பழைய நோய். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எண்களைக் குறித்து வைத்து, மாதம் ஒரு முறை தேடிப் பார்த்தாலே பாதி நோய் தீரும்.

தமிழ்நாட்டுப் போலீஸ் நோட்டுகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி வரும்: தப்பிக்க முயன்றபோது வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது. கழிவறையில் வழுக்குவதும் உண்டு, பாலத்திலிருந்து குதிப்பதும் உண்டு. வழுக்கி விழுபவர்கள் எல்லாம் கைதானவர்களாகவே இருப்பது விந்தைதான். இதை உங்கள் குரலில் எழுதாதீர்கள். “என்று போலீஸார் தெரிவித்தனர்” என்பதோடு நிறுத்தவும் கூடாது. கைதானவரை மருத்துவ அலுவலர் பரிசோதித்துக் காயங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-வது பிரிவு. எந்த மருத்துவமனை, எத்தனை மணிக்கு, மாஜிஸ்திரேட் காயத்தைப் பற்றிக் கேட்டாரா, வழக்கறிஞர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், கேட்டதையும் பதில் வராததையும் எழுதலாம்.

சொற்களில் சறுக்குவது இங்கேதான் அதிகம். தீர்ப்பு வரும்வரை யாரும் குற்றவாளி இல்லை, குற்றம் சாட்டப்பட்டவர். விசாரணைக்கு அழைத்துப் போனது கைது இல்லை. நீதிமன்றக் காவல் என்றால் சிறை, போலீஸ் காவல் என்றால் காவல்துறையின் பிடி. இரண்டையும் மாற்றி எழுதினால் பொருளே வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு இப்போது சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவு. மரணத்துக்குக் காரணம் என்னவென்று விசாரிக்கப் பதிவு செய்வது அது. அந்தப் பிரிவில் வழக்கு இருக்கும்போது “தற்கொலை செய்துகொண்டார்” என்று எழுதினால், விசாரணை முடிவை நீங்களே அறிவித்ததாகிவிடும். தற்கொலைதான் என்று உறுதியானாலும் எப்படி, எதைக் கொண்டு என்ற விவரம் வேண்டாம், ஒற்றைக் காரணம் கற்பிக்க வேண்டாம், தலைப்பில் போட வேண்டாம். உதவி எண் போடுங்கள்: 104, டெலி-மானஸ் 14416.

போக்சோ வழக்கில் குழந்தையின் பெயரை விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் 23-வது பிரிவு பெயரோடு முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, வேறு வழியில் அடையாளம் தெரியவைக்கும் எதையும் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. சிக்கல் எங்கே வரும் தெரியுமா? குழந்தையின் பெயரை மறைத்துவிட்டு, கைதான தந்தையின் பெயரையும் கிராமத்தையும் போடும்போது. சிறிய ஊரில் அது போதும். நீங்கள் பெயரை விட்டு, போட்டி இதழ் ஊரை விட்டு எழுதினாலும் இரண்டையும் சேர்த்துப் படித்தவருக்கு விடை கிடைத்துவிடும். அதனால் மற்ற இதழ்கள் என்ன போட்டிருக்கின்றன என்றும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்துக்கும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு இதே மாதிரிப் பாதுகாப்பு தருகிறது.

இவ்வளவு சொன்னதும் எதையும் எழுதவே முடியாதோ என்று தோன்றலாம். அப்படி இல்லை. கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் நக்கீரன் இதழைத் தடுக்கப் பார்த்தபோது, உச்ச நீதிமன்றம் 1994-ல் ராஜகோபால் வழக்கில் தெளிவாகச் சொன்னது: நீதிமன்றப் பதிவேடு உள்ளிட்ட பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிட யாருடைய சம்மதமும் தேவையில்லை, பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண் போன்ற விதிவிலக்குகள் தவிர. வெளியீட்டுக்கு முன்பே அதிகாரிகள் தடை போடவும் முடியாது. காகிதம் காகிதம் என்று நான் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். “கூறப்படுகிறது” என்ற ஒட்டு உங்களை அவதூறு வழக்கிலிருந்து காப்பாற்றாது. ஆவணம் காப்பாற்றும். எதிர்த்தரப்பை எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், என்ன கேட்டு மெசேஜ் அனுப்பினீர்கள் என்ற பதிவும் காப்பாற்றும். கேள்வியை முழுசாக எழுதி அனுப்புங்கள். “சார், ஒரு விளக்கம் வேண்டும்” என்று மட்டும் அனுப்பினால் அது வாய்ப்புக் கொடுத்ததாக ஆகாது.

இனி எண்கள். பயிற்சிச் செய்தியாளர்கள் அதிகம் தவறுவது மழையிலும் அணையிலும். கன அடி என்று செய்தியில் வருவது விநாடிக்கு இத்தனை கன அடி என்ற ஓட்டம், டி.எம்.சி. என்பது இருப்பு, 100 கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. இதை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். “மேட்டூரிலிருந்து 10,000 கன அடி திறப்பு” என்று வந்தால் ஒரு நாளுக்கு 0.86 டி.எம்.சி.; அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று வாசகருக்கு அளவு காட்டலாம். செம்பரம்பாக்கத்தில் 500 கன அடி திறந்தாலே 2015 வெள்ளம் திரும்பிவிட்டது போலத் தலைப்பு வைக்கும் பழக்கம், இந்தக் கணக்கைப் போடாததால் வருவது. மழை அளவு காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்துக்கானது. “நேற்று பெய்தது” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் தேதி தவறும். “மிக கனமழை” என்பதும் வர்ணனை இல்லை, வானிலைத் துறையின் வரையறை: 24 மணி நேரத்தில் 115.6 மி.மீ. முதல் 204.4 மி.மீ. வரை. 7 செ.மீ. பெய்த ஊருக்கு அந்த அடைமொழியைப் போட முடியாது.

பெயர்கள் பற்றி ஒரு வரி. பேட்டி கொடுப்பவரிடம் உங்கள் நோட்டையும் பேனாவையும் நீட்டி, பெயரையும் இனிஷியலையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். டெஸ்க்கில் வரும் திருத்தங்களில் பெரும்பகுதி இதில் தீர்ந்துவிடும்.

வீடியோ விஷயத்துக்கு 2023 மார்ச்சைவிட நல்ல பாடம் இல்லை. தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வடக்கே சில ஊடகங்கள் செய்தியாகவே வெளியிட்டன. பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. அவற்றில் ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கிடையே நடந்த மோதல் என்று தமிழ்நாட்டின் அப்போதைய டி.ஜி.பி. விளக்கினார். அந்த வீடியோக்களில் வன்முறை உண்மை. பொய்யாக இருந்தது தலைப்பு மட்டும்தான். “இது எடிட் செய்ததா?” என்று மட்டும் பார்க்கிறவர் இப்படிப்பட்டதில் ஏமாந்துபோவார்.

செய்ய வேண்டியது இதுதான். வீடியோவை நிறுத்தி நிறுத்தி நான்கைந்து காட்சிகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முகத்தை அல்ல, பின்னணியை எடுங்கள். கடைப் பலகை, பஸ், வண்டி நம்பர் பிளேட்டின் முதல் இரண்டு எழுத்து, மின்கம்பம், சீருடை. அந்தப் படங்களைக் கூகுள் லென்ஸிலும் யாண்டெக்ஸிலும் போட்டுத் தேடுங்கள். ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும். முதன்முதலாக யார், எந்தத் தேதியில் ஏற்றினார்கள் என்று பின்னோக்கிப் போங்கள். சம்பவம் நடந்ததாகச் சொல்லும் தேதிக்கு முன்பே அந்தக் காட்சி இணையத்தில் இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் ஏற்றியவரைத் தொடர்புகொண்டு அசல் ஃபைலைக் கேளுங்கள். வாட்ஸ்அப் வழியாக வந்தது உதவாது. அது அனுப்பும்போதே ஃபைலைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் போன்ற தகவல்களை நீக்கிவிடும். ஒலியையும் தனியாகக் கேளுங்கள். வட்டார வழக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் ஒலியை மாற்றி ஒட்டியிருக்கவும் கூடும் என்பதால் அதை மட்டும் நம்பி எழுத வேண்டாம். கடைசியில், அந்தப் பகுதிக் கடைக்காரர் ஒருவருக்குப் போன். தெருவின் பெயர் கிடைத்துவிட்டால் மேப்பில் கடையின் போன் எண் கிடைக்கும். பலர் இந்த போனைத்தான் போடுவதில்லை.

ஏ.ஐ. பற்றிக் கேட்டீர்கள். பேட்டி ஒலிப்பதிவை எழுத்தாக்கவும், நூறு பக்க அறிக்கையில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடவும் பயன்படுத்தலாம். எழுத்தாக்கியதை ஒலியோடு ஒப்பிடாமல் மேற்கோளாகப் போடாதீர்கள். கரிசல் பேச்சில் வரும் “இல்ல” என்ற ஒரு சொல்லை அது விழுங்கிவிட்டால் பேட்டியே தலைகீழாகும். சட்டப்பிரிவு, தீர்ப்பு, தேதி ஆகியவற்றை அதனிடம் கேட்டு எழுதவே கூடாது. தெரியாததையும் தெரிந்த தொனியிலேயே சொல்லும்.

இப்போது உங்கள் ப்ராஜெக்ட். குடிநீர் பழைய விஷயமே இல்லை. “மக்கள் அவதி” என்று முடியும் கட்டுரைதான் பழசு. உங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டி இருக்கும். அதை மட்டும் எடுங்கள், ஊர்க் குடிநீர் முழுவதையும் அல்ல. பல ஊர்களில் தொட்டியின் தூணில் கொள்ளளவும், சுத்தம் செய்த தேதியும் அடுத்த தேதியும் பெயின்ட்டில் எழுதியிருக்கும். இரண்டு மாதத்துக்கு வாரம் ஒரு முறை அதைப் போட்டோ எடுங்கள். அந்தத் தேதி மாறுகிறதா என்பதே உங்கள் முதல் தகவல். தொட்டி 30,000 லிட்டர், தினம் இரண்டு முறை நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது சுகாதாரத் துறையினர் சொல்லும் வழக்கமான கணக்கு. ஒரு முறைக்கு 120 கிராம், ஒரு நாளைக்கு 240, ஆண்டுக்கு ஏறக்குறைய 88 கிலோ. அதாவது 25 கிலோ மூட்டை மூன்றரை. ஊராட்சி ஆண்டுக்கு ஒரே மூட்டை வாங்கியதாக பில் இருந்தால், தண்ணீரில் என்ன கலந்தார்கள் என்ற கேள்வி தானாக எழும். பத்து மூட்டைக்கு பில் இருந்தால் அதைவிடப் பெரிய கேள்வி.

பில்லுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மனு வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. அலுவலகம் மாறிப் போயிருந்தாலும் 6(3) பிரிவின்படி அவர்களே ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். “ஏன் சுத்தம் செய்யவில்லை?” என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சட்டம் இருக்கிற ஆவணத்தைத்தான் தரும், விளக்கத்தை அல்ல. “01.04.2024 முதல் 31.03.2025 வரை பிளீச்சிங் பவுடர் வாங்கிய பில்களின் நகல், இருப்புப் பதிவேட்டின் நகல், தொட்டி சுத்தம் செய்த பதிவேட்டின் நகல், குடிநீர்ப் பரிசோதனை அறிக்கைகளின் நகல்” என்று கேளுங்கள். பக்கம் அதிகம் என்று இழுத்தால், நேரில் வந்து பதிவேட்டைப் பார்க்கிறேன் என்று கேட்கும் உரிமை 2(j)-யில் இருக்கிறது. தொட்டியை இயக்கும் ஆபரேட்டரின் பெயர், சம்பளக் கணக்கு என்று தனிநபர் விவரம் கேட்டுச் சிக்கிக்கொள்ள வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு, தனிப்பட்ட தகவல் என்று சொல்லி 8(1)(j)-யில் மறுப்பது எளிதாகிவிட்டது. அப்படி மறுத்தால் மேல்முறையீட்டில் 8(2)-ஐக் காட்டுங்கள். பொதுநலன் பெரிது என்றால் தகவல் தரலாம் என்ற அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது.

தண்ணீரையும் பாருங்கள். குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் குளோரோஸ்கோப் சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும். அவர் சோதிக்கும்போது கூடப் போய் நிற்க அனுமதி கேளுங்கள். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் ஒன்று, குழாய் முடியும் கடைசித் தெருவில் ஒன்று என இரண்டு இடத்திலாவது பார்க்க வேண்டும். தொட்டி அருகே சரியாக இருந்து கடைசித் தெருவில் பூஜ்யம் என்றால் குழாய்க் கசிவாக இருக்கலாம். இரண்டு இடத்திலும் பூஜ்யம் என்றால் பவுடரே போடவில்லை, அல்லது பிரித்து வைத்த மூட்டை வீரியம் இழந்துவிட்டது. காரணத்தை நீங்கள் முடிவு செய்யாமல் பொறியாளரிடம் கேளுங்கள். ஆபரேட்டரை மட்டும் வில்லனாக்கிவிடாதீர்கள். அவருக்குப் பவுடர் எப்போது, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை இருப்புப் பதிவேடு சொல்லும்.

கிராம சபைக்கும் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் நடக்கும். வரவு செலவுக் கணக்கு அங்கே வைக்கப்பட வேண்டும். செய்தியாளராக இல்லாமல் அந்த ஊர் வாக்காளராகவே கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்டதும் நீங்களே, எழுதியதும் நீங்களே என்றால் அதைக் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

மனுவை இந்த வாரமே ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புதலோடு அனுப்புங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு அடுத்த 30 நாள் அவகாசம், அதன் முடிவுக்கு 30 முதல் 45 நாள். அதற்கும் மேல் தகவல் ஆணையம் என்று போனால் உங்கள் படிப்பே முடிந்துவிடும். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து நான்கு மாதம் பின்னோக்கி எண்ணி, மனு அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.